மதராஸில் கண்ட ஒளிப்புள்ளிக்கு நிறை கிடைத்த கதை: 87 சில்வியா – ஒரு நிகழ்வு ஆய்வு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையில் 87 என்ற வரிசை எண்ணைப் பெற்றிருப்பது சில்வியா. 1866 மே 16 அன்று மதராஸ் வானாய்வகத்தில், அதாவது இன்றைய சென்னையின் நுங்கம்பாக்கத்தில், அரசு வானியலாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கண்டறிந்தார். பட்டையிலுள்ள மிகப் பெரிய சிறுகோள்களில் ஒன்று அது. இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று உறுதிசெய்யப்பட்ட முதல் சிறுகோளும் அதுவே. இருந்தும் தமிழில் அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. நம் நகரத்து வானத்தில் கண்டெடுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளின் நிறையையும் அடர்த்தியையும், இறுதியில் அதன் உள்ளமைப்பையும்கூட, யாரும் அங்கே போகாமலே எவ்வாறு அறிய முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இந்த ஆய்வு கண்டுபிடிப்பு நாளோடு நில்லாமல், அந்த ஒளிப்புள்ளி படிப்படியாக ஓர் உலகமாக மாறிய வழியைப் பின்தொடர்கிறது.

நுங்கம்பாக்கமும் போக்சனும்

மதராஸ் வானாய்வகத்தின் தொடக்கம், வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் அமைத்த சிறு ஆய்வகம். கம்பெனி அதை ஏற்றுக்கொண்ட பின், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அதன் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஆய்வகம் தொடங்கப்பட்ட செய்தி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோருக்கும் தெரியட்டும் என்ற எண்ணத்தோடு பல மொழிகளில் அதில் பொறிக்கப்பட்டது; அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

போக்சன் 1861-இன் தொடக்கத்தில் இங்கே பொறுப்பேற்க வந்தபோது புதியவர் அல்லர். இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்திலேயே ஐசிஸ், ஏரியட்னி, ஹெஸ்டியா என்ற மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்திருந்தார். மதராஸுக்கு வந்த சில மாதங்களுக்குள், 1861 ஏப்ரல் 17 அன்று, நான்காவதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் அமைந்தது. அதன்பின் 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமிலா, நீண்ட இடைவெளிக்குப் பின் 1885-இல் வேரா என நுங்கம்பாக்கத்தின் கணக்கு ஐந்தாயிற்று. 1891-இல் மதராஸிலேயே அவர் காலமானார்.

சில்வியாவின் கதையில் போக்சனுக்கு இன்னொரு பங்கும் உண்டு. விண்மீன்களின் ஒளிர்வைப் பொலிவெண்ணால் குறிக்கும் பழக்கம் பழங்காலத்திலிருந்து வந்தது. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஒளிர்வானது என்பதும் அவர் காலத்திற்குள் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையிலான விகிதத்தை ஆளுக்கொரு விதமாகக் கொண்டிருந்தார்கள். 1856-இல் போக்சன் அதை 2.512 என நிலைநிறுத்தினார். ஐந்து படிகள் சேர்ந்தால் சரியாக நூறு மடங்கு. இந்த முடிவுக்கு அவர் வந்தது சிறுகோள் வேலையின் வழியாகவே. சூரியனிடமிருந்தும் புவியிடமிருந்தும் உள்ள தொலைவு மாற மாறச் சிறுகோளின் ஒளிர்வும் மாறும். அடுத்த ஆண்டின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 36 சிறுகோள்கள் எவ்வளவு ஒளிர்வாகத் தெரியும் என்று கணித்து வெளியிடும்போது, அவருக்கு ஐயமில்லாத ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இன்று உலகம் முழுவதும் வானியலாளர்கள் பயன்படுத்துவது அந்த அளவுகோலையே. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சில்வியாவின் துணைக்கோள்களை அளந்ததும் அதே கோலால்தான் என்பதைப் பின்னர் காண்போம்.

1866 மே மாதத்து வேலை எத்தகையது

அக்காலத்தில் சிறுகோள் தேடுவதற்கு ஒளிப்படம் கிடையாது. சூரியன் வானில் செல்லும் வீதியை ஒட்டிய பகுதிகளுக்கு விண்மீன் வரைபடம் தயாரித்து, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது மாறொளிர் விண்மீனாக இருக்கலாம், வரைபடத்தில் விடுபட்டதாக இருக்கலாம், ஏற்கெனவே தெரிந்த சிறுகோளாகவும் இருக்கலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தைப் பார்த்து, பக்கத்து விண்மீன்களை விட்டு அது நகர்ந்திருப்பதை அளந்த பின்னரே புதிய சிறுகோள் என்று அறிவிக்க முடியும். சில்வியா வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நள்ளிரவு உச்சிக்கு வரும் நாள்களிலேகூட அதன் பொலிவெண் 12-ஐ ஒட்டியே இருக்கும். வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி எல்லை 6. ஆறு படிகளின் வேறுபாடு என்றால், கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட ஏறத்தாழ 250 மடங்கு மங்கலானது என்று பொருள். அத்தகைய புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தெரியும் புலத்தில், ஒன்று மட்டும் அந்நியமானது என்று கண்டுகொள்வது கண்ணின் திறமையால் மட்டும் நடக்காது. பல ஆண்டுகள் உழைத்துச் செய்த வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

மதராஸின் இருப்பிடமும் இதற்குக் கைகொடுத்தது. சிறுகோளைத் தேடச் சிறந்த இடம் வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம். மே மாத நடுவில் அந்த இடம் துலாம், விருச்சிகப் பகுதிகளில், தெற்கே தாழ்ந்து இருக்கும். இலண்டனின் அகலாங்கிலிருந்து பார்ப்பவருக்கு அப்பகுதி நள்ளிரவில் அடிவானத்திற்கு மேல் இருபது பாகை அளவே எழும். புகையும் தடித்த காற்றும் மங்கல் புள்ளிகளை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு அங்கே கோடை இரவு மிகக் குறுகியது. பதின்மூன்றாம் பாகை வட அகலாங்கிலுள்ள சென்னையிலோ அதே பகுதி அறுபது பாகை உயரத்தை நெருங்கி வந்து நிற்கும். மதராஸில் கண்டறிந்த முதல் மூன்று சிறுகோள்களும் ஏப்ரல் 17, மே 2, மே 16 என்ற தேதிகளில் அமைந்ததை நான் தற்செயல் என்று கருதவில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நெடுநாளாகி, தென்மேற்குப் பருவத்தின் மேகங்கள் இன்னும் வந்து சேராத மாதங்கள் அவை.

இதை ஒரே மனிதரின் சாதனையாக எழுதுவதும் சரியன்று. ஆய்வகத்தின் அன்றாட அளவீடுகளைச் செய்தவர்கள் இந்திய உதவியாளர்கள். அவர்களுள் தலைமையானவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கக் கணிதம் கைவந்த குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே ஆய்வகத்தில் சேர்ந்தவர். சில்வியா கண்டறியப்பட்டதற்கு அடுத்த ஆண்டில், ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனை அவர் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸும் 1873 முதல் அங்கே உதவியாளராகப் பணிபுரிந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் தந்தை கண்ட முதல் சிறுகோளின் பெயரும் ஐசிஸ்தான்.

புதிய சிறுகோளுக்குச் சூட்டப்பட்ட சில்வியா என்ற பெயர் ரோமானியத் தொன்மத்து ரேயா சில்வியாவைக் குறிப்பது. ரோம் நகரை நிறுவியவர்களாகச் சொல்லப்படும் ரோமுலஸ், ரெமஸ் என்ற இரட்டையரின் தாய் அவள்.

பாதை

சூரியனிடமிருந்து சில்வியாவின் சராசரித் தொலைவு 3.48 வானியல் அலகு (சூரியனுக்கும் புவிக்கும் இடையிலான சராசரித் தொலைவே ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ 52 கோடி கிலோமீட்டர். பாதை முழு வட்டமன்று, அண்மையில் 3.15 அலகும் சேய்மையில் 3.8 அலகுமாக அமைந்து, புவியின் பாதைத் தளத்திற்குப் பதினொரு பாகை அளவு சாய்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டுகள் ஆகும்.

இந்தத் தொலைவு ஏன் கவனத்திற்குரியது என்பது அதே 1866-இல் அமெரிக்காவில் நடந்த ஒன்றோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். அதுவரை அறியப்பட்டிருந்த சிறுகோள்கள் நூறுகூட இல்லை. அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்துக்கொண்டே டேனியல் கர்க்வுட், சிறுகோள்கள் எல்லாத் தொலைவுகளிலும் சீராகப் பரவியிருக்கவில்லை, சில தொலைவுகளில் வெற்றிடங்கள் உள்ளன என்று எடுத்துக்காட்டினார். வியாழன் ஒரு முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் சரியாக இரண்டு முறையோ மூன்று முறையோ சுற்றக்கூடிய தொலைவுகள் அவை. அங்கே இருக்கும் பொருள் வியாழனின் இழுப்புக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஆளாகி, பாதை குலைந்து வெளியேறிவிடும். 3.28 அலகில் உள்ள இரண்டுக்கு ஒன்று இடைவெளியே பட்டையின் பெருந்திரளுக்கு வெளி எல்லை. சில்வியா அந்த எல்லையையும் தாண்டிய பகுதியைச் சேர்ந்தது. சிபெலி என்ற சிறுகோளின் பெயரால் அப்பகுதிச் சிறுகோள்களைச் சிபெலி கூட்டம் என்கிறார்கள். சூரியனுக்கு அருகே இருப்பவற்றைவிட அதிகக் குளிரில், பனிக்கட்டி எளிதில் ஆவியாகாத தொலைவில், இக்கூட்டம் சுற்றுகிறது. சில்வியாவின் உட்பொருளைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

அடுத்த நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளில் சில்வியாவைப் பற்றிக் கூடிய அறிவு மெதுவாகவே வளர்ந்தது. ஒளிர்வின் ஏற்ற இறக்கத்திலிருந்து அது 5.18 மணி நேரத்தில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது என்றும், நீண்ட உருவம் உடையது என்றும் தெரிந்தது. மேற்பரப்பு நிலக்கரிபோல் கறுத்தது. விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கு அளவையே திருப்பி அனுப்புகிறது. நிறமாலை சற்றே சிவப்பு சாய்ந்து, குறிப்பிட்ட கனிமம் எதையும் காட்டிக்கொடுக்காமல் இருப்பதால், பி (P) வகை என்ற, தொடக்கநிலைப் பொருளாலான சிறுகோள்களின் வகையில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் நிறை மட்டும் தெரியவில்லை. நிறை தெரியாதவரை அடர்த்தி தெரியாது. அடர்த்தி தெரியாதவரை அது பாறையா, பனியா, கற்குவியலா என்ற கேள்விக்கு விடையும் இல்லை.

துணைக்கோள்கள்

ஒரு வான்பொருளின் நிறையை அறிய நம்பத்தகுந்த வழி, அதன் ஈர்ப்பில் கட்டுண்டு சுற்றும் இன்னொன்றைக் கவனிப்பது. சில்வியாவுக்கு அப்படி ஒன்று இருப்பது 2001 பிப்ரவரி 18 அன்று தெரியவந்தது. ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலுள்ள இரண்டாம் கெக் தொலைநோக்கியால் மைக்கேல் பிரவுனும் ழான் லூக் மார்கோவும் அதைக் கண்டார்கள்.

அதுவரை தெரியாமல் போனதற்குக் காரணம் எண்களைப் பார்த்தாலே விளங்கும். சில்வியா சூரியனுக்கு எதிர்ப்புறம் வரும்போது புவியிலிருந்து அதன் தொலைவு 37 கோடி கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அத்தொலைவில் 271 கிலோமீட்டர் சராசரி விட்டமுள்ள சில்வியா, ஒரு பாகையை 3600 கூறாக்கிய வில்விநாடியில் 0.15 அளவே தெரியும். துணைக்கோளோ அதன் மையத்திலிருந்து 1356 கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுவது. வானில் அந்த இடைவெளி 0.75 வில்விநாடிதான். நல்ல மலையுச்சியிலும் காற்றின் நடுக்கம் ஒரு புள்ளியை அதே அளவுக்குப் பரப்பிவிடும். துணைக்கோளின் விட்டம் 18 கிலோமீட்டர் என்று கொண்டால், பரப்பில் தாயைவிட 227 மடங்கு சிறியது. போக்சனின் அளவுகோலில் சொன்னால் ஏறத்தாழ ஆறு படிகள் மங்கல். ஒளிர்வான பொருளின் பரந்த ஒளிக்குள் இது மூழ்கிவிடும். காற்றின் நடுக்கத்தை ஒரு நொடியில் பல நூறு தடவை அளந்து, வளையக்கூடிய கண்ணாடியால் அதைச் சரிசெய்யும் தகவமைவு ஒளியியல் வந்த பின்னரே இத்தகைய பொருள்கள் வெளிப்படத் தொடங்கின.

இரண்டாவது துணைக்கோள் இன்னும் கடினமானது. சிலி நாட்டின் பரானல் மலையில், ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் 8.2 மீட்டர் யெபுன் தொலைநோக்கியால் 2004 ஆகஸ்டு 9 முதல் எடுக்கப்பட்ட படங்களை பிராங்க் மார்ச்சிஸும், பாரிஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த பாஸ்கல் டெகாம், டேனியல் எஸ்ட்ரோஃபர், ஜெரோம் பெர்த்தியே ஆகியோரும் ஆராய்ந்தார்கள். முதல் துணைக்கோளின் பாதையைத் திருத்தமாக வரையறுப்பதே நோக்கம். அப்படங்களில் சில்வியாவுக்கு இன்னும் நெருக்கமாக, 706 கிலோமீட்டர் தொலைவில், 7 கிலோமீட்டர் அளவுள்ள மற்றொன்று தெரிந்தது. வானில் அதன் விலகல் 0.4 வில்விநாடிக்கும் குறைவு. தாயைவிட 1500 மடங்கு, அதாவது ஏறத்தாழ எட்டுப் படிகள் மங்கல். 2005 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இந்தச் செய்தி வெளிவந்தது. வெளியே சுற்றுவதற்கு ரோமுலஸ் என்றும் உள்ளே சுற்றுவதற்கு ரெமஸ் என்றும் பெயர் வழங்கப்பட்டது. தாயின் பெயர் சூட்டப்பட்டு 139 ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே பொருந்தி வந்தன.

சில்வியாவின் நிலத்தில் நின்று பார்க்க முடிந்தால், இவ்விரு துணைக்கோள்களும் நம் நிலவைவிடப் பெரியனவாகத் தெரியும். நம் நிலவு வானில் அரைப் பாகை, ரோமுலஸ் 0.8 பாகைக்கும் மேல், ரெமஸ் 0.7 பாகை அளவு. சூரியனோ 0.15 பாகையாகச் சுருங்கியிருக்கும்.

நிறையைக் கணக்கிடுதல்

இந்தப் பகுதியை விரித்தே எழுத விரும்புகிறேன். பள்ளி இயற்பியல் அறிந்த எவரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. சுற்றும் பொருளின் பாதை ஆரத்தின் மும்மடியை 4π² ஆல் பெருக்கி, அதைச் சுற்றுக் காலத்தின் இருமடிக்கும் ஈர்ப்பு மாறிலிக்கும் உள்ள பெருக்குத்தொகையால் வகுத்தால், நடுவிலுள்ள பொருளின் நிறை கிடைக்கும். ரோமுலஸுக்கு ஆரம் 1356 கிலோமீட்டர், சுற்றுக் காலம் 3.65 நாள். விடை 1.48 × 10¹⁹ கிலோகிராம். ரெமஸுக்கு 706 கிலோமீட்டர், 33 மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். அதை வைத்துத் தனியாகக் கணக்கிட்டால் 1.47 × 10¹⁹ வருகிறது. இரண்டு வெவ்வேறு தொலைவுகளில் சுற்றும் இரண்டு பொருள்கள் நூற்றுக்கு ஒன்று அளவு வேறுபாட்டில் ஒரே விடையைத் தருவதுதான் இந்த நிறையை நம்புவதற்கான வலுவான சான்று. ஒற்றைத் துணைக்கோள் உள்ள சிறுகோளில் இத்தகைய சரிபார்ப்புக்கு வாய்ப்பில்லை. புதிய அளவீடுகளின்படி மதிப்பு 1.44 × 10¹⁹ அளவில் நிற்கிறது. நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

நிறை பெரிதாக மாறவில்லை. ஆனால் அடர்த்தி மாறியது. 2005-இல் சில்வியாவின் உருவத்தை 384, 264, 232 கிலோமீட்டர் அச்சுகள் கொண்டதாக மதிப்பிட்டார்கள். அதிலிருந்து வந்த அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம். நீரைவிடச் சற்றே கூடுதலான அந்த எண்ணைக் கண்டு, சில்வியா ஒரு கற்குவியல், அதன் பருமனில் 60 விழுக்காடு வரைகூட வெற்றிடமாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. பின்னர் பரானல் தொலைநோக்கியின் ஸ்ஃபியர் கருவி எடுத்த கூர்மையான படங்களால், அச்சுகள் 363, 249, 191 கிலோமீட்டர் என்று திருத்தப்பட்டன. சராசரி விட்டம் நூற்றுக்கு ஐந்து அளவே குறைந்தது. ஆனால் பருமன் விட்டத்தின் மும்மடி ஆகையால் அது நூற்றுக்குப் பதினைந்து அளவு குறைந்து, அடர்த்தி 1.38 ஆக உயர்ந்தது. சிறுகோள்களின் அடர்த்தியைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், நிறையைவிட உருவ அளவீட்டின் மீதே முதலில் ஐயம் கொள்ள வேண்டும் என்பதற்கு இந்தத் திருத்தமே சான்று.

1.38 என்பது வறண்ட பாறைக்கு மிகக் குறைவு, தூய பனிக்கட்டிக்கு மிக அதிகம். பாறைத்தூளும் பனியும் கலந்து, இடையிடையே நுண்துளைகளும் உள்ள ஒரு பொருளுக்கே இது பொருந்தும். சில்வியா பனி நிலைக்கக்கூடிய வெளிப்பட்டையில் இருப்பதால், அத்தகைய கலவை அங்கே எதிர்பாராதது அன்று.

சுழற்சியின் விரைவும் இங்கே கணக்கில் வர வேண்டும். 5.18 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பது இவ்வளவு பெரிய பொருளுக்கு வேகமானது. உள்ளே எங்கும் ஒரே அடர்த்தி என்று கொண்டு கணக்கிட்டால், நீண்ட அச்சின் முனையில் ஈர்ப்பில் ஏறத்தாழ பாதியைச் சுழற்சியே ஈடுகட்டிவிடுகிறது. தொடக்கக் காலத்தில் உள்ளே இளகிய நிலையில் இருந்தபோது விரைந்த சுழற்சியே சில்வியாவை இப்படி நீட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2013 ஜனவரி 6

அன்று சில்வியா ஒரு விண்மீனை மறைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டது. மறைப்பின் நிழல் தெற்கு ஐரோப்பாவின் குறுக்கே ஓடும் என்பதால், தொழில்முறையினரும் ஆர்வலர்களுமாக ஏறத்தாழ ஐம்பது பேர் தத்தம் தொலைநோக்கிகளோடு பாதை நெடுகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் சில்வியாவால் விண்மீன் மறைந்ததைப் பதிவுசெய்தார்கள். இடத்திற்கேற்ப நான்கு முதல் பத்து நொடி வரை அது நீடித்தது. வேறு இடத்தில் நின்ற நால்வருக்கு விண்மீன் இரண்டு நொடி அணைந்து மீண்டது. அது ரோமுலஸின் நிழல். முன்கணித்த இடத்திற்கு நெருக்கமாகவே விழுந்திருந்தது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளாலும் ஒரு புள்ளிக்கு மேல் காட்ட முடியாத துணைக்கோளின் வடிவத்தை, மிக எளிய கருவிகளோடு கடிகார நேரத்தைத் துல்லியமாகக் குறித்த நால்வர் அளந்துவிட்டார்கள். ரோமுலஸ் உருண்டையன்று, மிக நீண்டது, ஒருவேளை இரு பாகங்கள் ஒட்டியது போன்ற உருவம் என்று அந்த நேரக் குறிப்புகள் காட்டின. அதன் அளவும் 24 கிலோமீட்டரை ஒட்டியதாக வந்தது. எனக்கு இந்த நிகழ்வின் மீது தனி மதிப்பு உண்டு. போக்சன் காலத்து வேலையின் இயல்பு, அதாவது ஒரு மனிதர் ஒரு கண்ணாடியின் முன் அமர்ந்து குறித்த நொடியில் குறித்த புள்ளியைக் கவனிப்பது, இன்னும் பயனற்றுப் போய்விடவில்லை என்பதை அது காட்டுகிறது.

உள்ளே இருப்பது

சில்வியா பற்றிய வழக்கில் இன்று நடுநாயகமாக நிற்கும் கேள்வி அதன் உட்புறம் குறித்தது. இக்கேள்வி ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தது.

முழு உருண்டையைச் சுற்றும் துணைக்கோளின் பாதை வெளியில் ஒரே திசையில் நிலைத்து நிற்கும். நடுவிலுள்ள பொருள் நீண்டோ தட்டையாகவோ இருந்தால், அதன் சீரற்ற ஈர்ப்பு துணைக்கோளின் பாதையையே மெல்ல மெல்லத் திருப்பும். சில்வியாவின் உருவம் நன்கு தெரியும். அது உருண்டையிலிருந்து வெகுவாக விலகியது. உள்ளே எங்கும் ஒரே அடர்த்தி என்றால், ரோமுலஸ், ரெமஸ் பாதைகளில் அந்தத் திருப்பம் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த இடக்குறிப்புகளை எல்லாம் வைத்துப் பெனுவா கேரியும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய திருப்பம் கண்டறியும் அளவுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பாதைகள் வட்டமாகவும், சில்வியாவின் நடுக்கோட்டுத் தளத்திலேயும் அமைந்திருந்தன. உருவம் ஒன்று சொல்ல, ஈர்ப்பு வேறொன்று சொல்கிறது.

இரண்டையும் பொருத்த ஒரு வழி உண்டு. நிறையின் பெரும்பகுதி நடுவில், உருண்டைக்கு நெருங்கிய ஓர் அடர்ந்த கருவில் குவிந்து, நீண்ட வெளிப்பகுதி இலேசான பொருளால் ஆகியிருந்தால், வெளியே சுற்றுபவற்றுக்குச் சில்வியா ஓர் உருண்டைபோலவே தோன்றும். 2013 மறைப்பை உள்ளடக்கிய பெர்த்தியே குழுவின் ஆய்வும் அடர்ந்த கருவையே சுட்டியிருந்தது. இந்த விளக்கம் சரியென்றால் அதன் விளைவு பெரியது. பி வகைச் சிறுகோள்கள் சூரியக் குடும்பம் உருவானபோதிருந்த மூலப்பொருளைச் சூடுபடாமல், மாற்றமின்றிக் காத்துவருபவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. சில்வியாவில் பாறையும் பனியும் அடுக்குகளாகப் பிரிந்திருக்கின்றன என்றால், உள்ளே பனி ஒரு காலத்தில் ஓரளவேனும் உருகி, நீர் நகர்ந்திருக்க வேண்டும். குறுகிய ஆயுளுடைய கதிரியக்கத் தனிமங்களின் வெப்பம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும். மேற்பரப்பு மட்டும் குளிர்ந்த தொடக்கநிலைப் பொருளாகவே தங்கி, உட்புறத்து வரலாற்றை மறைத்து நிற்கிறது.

நான் இந்த விளக்கத்தை ஏற்கத் தயங்கவில்லை. ஆனால் முடிந்த தீர்ப்பாகவும் கொள்ளவில்லை. ஒரு திருப்பம் தெரியவில்லை என்பது எதிர்மறைச் சான்று. ரெமஸ் பெரும்பாலான படங்களில் சில்வியாவின் ஒளியில் மறைந்தே இருப்பதால், திருப்பத்தை மிகுதியாக உணர வேண்டிய துணைக்கோளுக்கே குறிப்புகள் குறைவு. அதன் பாதையை இன்னும் சில ஆண்டுகள் அளந்து சேர்த்தால் ஐயம் குறையும்.

துணைக்கோள்களின் பிறப்பைப் பற்றி இவ்வளவு கருத்து வேறுபாடு இல்லை. நெடுங்காலத்திற்கு முன் நிகழ்ந்த ஒரு பெரும் மோதலில் சிதறிய துண்டுகளில் சில சில்வியாவைச் சுற்றியே தங்கிச் சேர்ந்தன. மற்றவை விலகிச் சென்று, இன்று சில்வியா குடும்பம் என்று அழைக்கப்படும் சிறுகோள்களாகச் சூரியனைத் தனித்தனியே சுற்றுகின்றன. துணைக்கோள்களின் பாதைகள் வட்டமாகவும் நடுக்கோட்டை ஒட்டியும் இருப்பது இதற்குப் பொருந்துகிறது.

மதராஸில் சில்வியாவுக்கு அடுத்துக் கண்டறியப்பட்ட கமிலாவும் அதே வெளிப்பகுதியில், 3.49 அலகுத் தொலைவில் சுற்றும் கறுத்த சிறுகோள். அதற்கும் இரண்டு துணைக்கோள்கள் இருப்பது பின்னாளில் தெரிந்தது. முதலாவது 2001-இல் ஹபிள் தொலைநோக்கியால் கிடைத்தது, இரண்டாவது பரானலிலிருந்து. நுங்கம்பாக்கம் கண்டெடுத்த ஐந்தில் இரண்டு, மும்மை அமைப்புகள். இரண்டும் அளவிலும் பாதையிலும் விரைந்த சுழற்சியிலும் ஒத்திருப்பதால், சில்வியாவுக்குச் சொல்லும் எந்த விளக்கத்தையும் கமிலாவில் வைத்துச் சரிபார்க்க முடிகிறது.

சில்வியாவுக்கு இதுவரை எந்த விண்கலமும் சென்றதில்லை. பி வகைப் பொருளுக்கு ஐயமின்றிப் பொருந்தும் விண்கல்லும் கையில் இல்லை. கோளிடைத் தூசியில் கிடைக்கும் நுண்துகள்களே அதற்கு நெருங்கியவை. அவ்வகையைச் சேர்ந்த இரட்டைப் பொருளான பட்ரோகிளஸையும் மெனீஷியஸையும், வியாழனின் பாதையில், 2033 மார்ச்சில் லூசி விண்கலம் நெருங்கிப் பார்க்க இருக்கிறது. சில்வியாவைப் பொறுத்தவரை, அடுத்த சான்றுகள் ரெமஸின் பாதையை அளக்கும் பெரிய தொலைநோக்கிகளிடமிருந்தும், அது மறைக்கப்போகும் விண்மீன்களுக்காக நிழற்பாதையில் காத்திருப்பவர்களிடமிருந்தும் வர வேண்டியிருக்கிறது.